கர்னல் கொட்டிய 'ம்'

தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள். கர்னலுக்கு அதில் ஒன்று போதும். 'ம்'.

குட்மார்னிங் சொன்னால் ம். லீவு கேட்டால் ம். "ஆம்பளப் புள்ள பொறந்திருக்குது சார்" என்று லட்டு டப்பாவை நீட்டினாலும் ம். மந்தாரக்குப்பம் டீக்கடையில், செகண்ட் ஷிஃப்ட் ஏறுவதற்கு முன்னால் கூடுகிற செக்யூரிட்டி ஆட்கள் இந்த ம்-களுக்கு ஒரு பொழிப்புரையே வைத்திருந்தார்கள். நீட்டி இழுத்தால், சரி, செய். மூக்கு வழியாக வந்தால் யோசிக்கிறார், இன்னொரு வாட்டி கேள். வெட்டினாற்போல் வந்தால் இடத்தைக் காலி பண்ணு. இந்த சப்ஜெக்டில் என் அப்பாதான் யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட். "இன்னைக்கு என்னைப் பாத்து ரெண்டு வாட்டி ம்-னாரு" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். அம்மா, "அத்த கொழம்புல போட்டா வேவுமா?" என்பாள்.

கோபத்தில்தான் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் எங்கள் ஏரியா வாட்ஸப் குரூப்பில் எவனோ கர்னலின் பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, 'பொய்யே சொல்லாத மாமனிதர்' என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. விரல் வலிக்க வலிக்க ஸ்க்ரோல் பண்ணினேன், கும்பிடு தீரவில்லை. பொய் சொல்லாதவர், கரெக்ட். அதற்கு நானே கோர்ட்டில் ஏறி சாட்சி சொல்வேன். எப்படிச் சொல்லாமல் இருந்தார் என்பதை மட்டும் யாரும் கேட்கக் காணோம்.

ஆர்மியில் கர்னலாக ரிட்டையர் ஆனவர். வீரத்துக்கு மெடல் வாங்கியவர். அது நிஜமான மெடல், அதில் எனக்கு ஒரு டவுட்டும் இல்லை. எதிரே குண்டு வரும்போது முன்னால் போயிருக்கிறார். ரிட்டையர் ஆன பிறகு ஒரு தனியார் செக்யூரிட்டி ஏஜென்சி அவரை நெய்வேலிக்குத் தலைமையாகப் போட்டது. டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ், ஒரு ஜீப், கீழே ஒரு கூட்டம் கான்ட்ராக்ட் காவலாளிகள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் என் அப்பா. ஸ்க்ராப் யார்டின் பின்கேட் அவர் பொறுப்பு.

ஆறடி. மீசை கிடையாது, அதில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அந்த இடது காது அதற்கு ஈடு கட்டிவிட்டது. மடல் கசங்கிச் சுருண்டு, ஓட்டை பாதி மூடி, வேகவைத்த காலிஃப்ளவர் துண்டை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். புதுசாக வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாளே டீக்கடையில் வகுப்பு நடக்கும்.

"பார்டர்ல குண்டு வந்துச்சு. இவுரு தலைய இப்பிடி சாய்ச்சாரு. காத உரசிகினு போச்சு."

"ஒரசுனதுக்கே இப்பிடியாண்ணே?"

"டேய், குண்டுன்னா என்னா கோலி குண்டுன்னு நெனச்சிகினியா?"

ஒருநாள் இதை அவர் காது கேட்கவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவர் நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். சொல்லிக்கொண்டிருந்த ஆள் வெலவெலத்துப்போய், "காது மேட்டரத்தான் சார் சொல்லிகினு இருந்தேன்" என்றான். கர்னல் அவனைப் பார்த்தார். "ம்" என்றார். நீளமான ம். அவ்வளவுதான், குண்டு அன்றைக்கு அபிஷியல் ஆகிவிட்டது.

கேட்டில் நிற்கிற எல்லோரையும் அவர் 'ஜவான்' என்றுதான் கூப்பிடுவார். அப்பா இருபது வயதில் ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடி, உயரம் பத்தாமல் திரும்பி வந்தவர். முப்பது வருஷம் கழித்து ஒரு நிஜ கர்னல் வாயால் ஜவான். மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? யூனிஃபார்ம் சட்டைக்கு அம்மா இஸ்திரி போட்டால் மடிப்பு சரியில்லை என்று அவரே மறுபடி போடுவார். ஏஜென்சி கொடுத்த சட்டை. துவைத்தால் சாயம் போகிற சட்டை.

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அவரை மாதிரி ஆகிவிடுவேன். புயல் அடித்த வருஷம் நாங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் இருந்தோம். ஊரில் முந்திரி மரம் ஒன்று மிச்சமில்லை. பக்கத்துக் கொல்லையின் பலாமரம் எங்கள் ஓட்டு வீட்டின் மேல் படுத்துவிட்டது. அப்பா ரெண்டு நாள் டூட்டிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஜீப் வந்தது. வேலை போச்சு என்றுதான் நினைத்தோம். கர்னல் இறங்கினார், பின்னாலிருந்து பெரிய ரம்பம் ஒன்றை எடுத்தார், சட்டையைக் கழற்றி ஜீப் கண்ணாடியில் மாட்டினார். "ஜவான், அந்தப் பக்கம் பிடி." அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். மதியம்வரை அப்பாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து மரத்தை அறுத்தார்கள். அம்மா ஊற்றிக்கொடுத்த கஞ்சியை நின்றுகொண்டே குடித்தார். கையில் கொப்புளம் உடைந்து ரத்தம். நான் துணி எடுத்துவந்தேன். ம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் இவ்வளவு எரிகிறது. ஆரம்பத்திலிருந்தே மட்டமான ஆளாக இருந்திருந்தால் ரெண்டு கெட்ட வார்த்தையோடு மறந்திருப்பேன்.

இன்ஜினியரிங் கடைசி வருஷம் ஒரு கேரக்டர் சர்டிஃபிகேட் தேவைப்பட்டது. அப்பா என்னை அவர் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பினார். ஹாலில் மெடல் எதுவும் தொங்கவில்லை. ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. பதினைந்து பையன்கள், மூஞ்சியெல்லாம் சேறு, நடுவில் ஒருத்தன் கையில் கோழிமுட்டை மாதிரி ஒரு பந்து.

"இதுல நீங்க யாரு சார்?"

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார். "பின்னால, லெஃப்ட்ல."

"என்ன கேம் சார்?"

"ரக்பி."

நான் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். அவர் எழுந்து வந்து போட்டோ முன்னால் நின்றார். அப்புறம் நடந்ததை டீக்கடையில் யாரும் நம்பவில்லை. மனுஷன் பேசினார். பத்து நிமிஷம்.

"ஸ்க்ரம்னு ஒண்ணு. எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம். கோத்துக்கிட்டு குனிஞ்சு தள்ளணும். நான் ரெண்டாவது வரிசை. முன்னாடி ரெண்டு பேர் இடுப்புக்கு நடுவுல தலையை விடணும். காது மாட்டிக்கும். தேயும். ரத்தம் உள்ளயே கட்டி, கல்லு மாதிரி ஆயிடும்." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இருபது வயசுல வாங்கினது."

"அப்ப குண்டு?"

"எந்தக் குண்டு?"

"பார்டர்ல காத உரசிட்டுப் போச்சுன்னு ஊரே சொல்லுது சார். உங்க எதிர்லயே சொன்னாங்களாமே. நீங்க இல்லன்னு சொல்லலியா?"

"என்னை யாரும் கேட்கலையே, யங் லேடி."

சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. நான் கொடுத்த உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னார். ஏதோ ஒரு ஃபைனல். கடைசி நிமிஷம். பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்திருக்கிறார். பந்தைத் தரையில் அழுத்தினால்தான் பாயின்ட். அழுத்துவதற்குள் கையை விட்டு முன்னால் நழுவிவிட்டது. ரக்பியில் அது தப்பு. ரெஃப்ரி பின்னால் இருந்ததால் பார்க்கவில்லை. விசில் ஊதிவிட்டார். கப் இவர்களுக்கு.

"நீங்க சொல்லலியா சார்?"

"ரெஃப்ரி கேட்கலை."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த எருமையை, என்னைத்தான் சொல்கிறேன், இப்போது கையில் கிடைத்தால் அறைவேன். வெளியே வந்து ஃப்ரெண்டுக்கு 'மச்சி, இந்தாளு செம மாஸ்' என்று மெசேஜ் வேறு அனுப்பினேன்.

அடுத்த வருஷம் அந்த லாரி வந்தது.

காலை பதினொரு மணி. பின்கேட்டில் அப்பா தனியாக. இரும்பு ஸ்க்ராப் ஏற்றிய லாரி வெளியே போக நிற்கிறது. பாஸில் முந்தின நாள் தேதி. அப்பா கேட்டைத் திறக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான், கத்துகிறான், "பர்மனென்ட் ஆபீசரே சும்மா கீறாரு, உனுக்கு என்னா நோவுது" என்கிறான். அப்பா கர்னலுக்கு போன் போட்டார்.

"சார், ஸ்க்ராப் லாரி ஒண்ணு நிக்குதுங்க. பாஸ்ல நேத்து தேதி போட்டிருக்குது. வுடலாங்களா?"

"ம்."

நீட்டி இழுத்த ம். யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்டுக்கு அதில் சந்தேகமே இல்லை. கேட்டைத் திறந்தார்.

சாயங்காலம் பண்ருட்டி ரோட்டில் லாரியைப் பிடித்தார்கள். மேலே இரும்பு, அடியில் தாமிரக் கேபிள்.

ரெண்டு நாளில் ஏஜென்சி ஒரு விசாரணை வைத்தது. ஹெட் ஆபீசிலிருந்து டை கட்டிய ஒருத்தர். ஏசி ரூம். அப்பாவுக்குத் துணையாக எங்கள் தெருவின் யூனியன் அண்ணன் போயிருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று என்றால் பேனாவும் பேப்பருமாக ஓடுகிறவர். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

டை கட்டியவர் கர்னலிடம் கேட்டாராம், கேட்டைத் திறக்க உத்தரவு கொடுத்தீர்களா என்று.

"திறன்னு நான் சொல்லலை" என்றாராம் கர்னல்.

அப்பா எழுந்து, "சார் ம்-னாருங்க" என்றாராம்.

"ம்-னா?"

"ம்-னா... சரின்னு அர்த்தங்க. நீட்டிச் சொன்னாருங்க."

ரூமே சிரித்திருக்கிறது. கர்னல் சிரிக்கவில்லையாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த அறிக்கையை நான் படித்தேன். 'ம் என்பது கேட்டுக்கொண்டிருப்பதைக் குறிக்கும் ஒலி மட்டுமே, உத்தரவு ஆகாது' என்று டைப் அடித்து வைத்திருந்தார்கள். தமிழை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. அப்பாவின் போனில் ரெக்கார்டர் இருந்திருந்தால் என்று சிலர் சொன்னார்கள். அந்த பட்டன் போனில் இருந்திருந்தாலும் கேட்டிருக்கப்போவது ஒரு ம்.

அப்பா உள்ளே போகிற கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். திருட்டுக்கு உடந்தை என்று சந்தேகம். அந்தப் பெயர் விழுந்தால் எந்த ஏஜென்சியும் எந்தக் கேட்டிலும் நிற்க வைக்காது. திங்கட்கிழமை முடிவு. யூனியன் அண்ணன் ஒரு வழி சொன்னார்: "அவுரு வாயால ஒரு வாட்டி ஒத்துகினா போதும். நாலு பேரு காதால கேக்கணும். நான் எழுதிக்கிறேன், கேட்டவன் கையெழுத்துப் போடட்டும். பாஸ் திரும்பி வந்துரும்."

"நீ போயி கேளுப்பா" என்றேன்.

"நான் எப்பிடிம்மா கேக்கறது அவர?" என்றார் அப்பா. செருப்பைத் தப்பான வீட்டு வாசலில் விட்டவர் மாதிரி கூசினார்.

நான் போனேன்.

கர்னல் தோட்டத்தில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"சார், ரெஃப்ரி உங்கள கேக்கல. டீக்கடையில யாரும் கேக்கல. இப்ப நான் கேக்குறேன். அந்த ம் என்ன ம்?"

பைப்பிலிருந்து தண்ணீர் ஒரே செடியில் விழுந்துகொண்டிருந்தது. வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது.

"திறக்கச் சொன்ன ம்" என்றார்.

கத்துவதற்கு மூச்செல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அப்ப அங்க ஏன் சார் சொல்லல?"

"திறன்னு சொன்னியான்னு கேட்டாங்க. நான் அந்த வார்த்தையைச் சொல்லலை."

"வெக்கமா இல்ல சார்? குண்டுக்கு எதிர்ல போனவரு நீங்க. ஒரு டை கட்டுன ஆளுக்கு எதிர்ல வாயி வரல. எங்கப்பா உங்கள கடவுள் மாதிரி நெனச்சிட்டு இருக்காரு. திருடன்னு சொல்றாங்க அவர. எழுதிக் குடுங்க. ஒரு வரி."

"எழுத மாட்டேன்." தண்ணீரை நிறுத்தினார். காது மடல்வரை சிவந்திருந்தது. "என் ஆட்கள் முன்னாடி சொல்றேன். நாளைக்கு, செகண்ட் ஷிஃப்டுக்கு முன்னால, டீக்கடையில. அதுக்கு மேல என்ன பேப்பர் வேணும்?"

மறுநாள் ஒன்றரை மணிக்கு டீக்கடையில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். யூனியன் அண்ணன் பெஞ்சில் பேப்பரை விரித்து, தேதி போட்டு, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டையில் ஒரு ஓரமாக. நான் டீக்கடைக்காரரிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். வரமாட்டார் என்று ஒரு மனசு. வந்தார். சொன்ன நேரத்துக்கு, ஜீப் இல்லாமல், வெயிலில் நடந்து.

எல்லோரும் எழுந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"ஜவான்ஸ்" என்றார். தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு இவர் எனக்கு போன் பண்ணி, தேதி தப்பா இருக்குன்னு சொன்னார். நான்தான் லாரியை விடச் சொன்னேன். தப்பு என்னுடையது."

சொல்லிவிட்டுத் தலை குனிந்தார்.

சொல்லிவிட்டார். நம்பமுடியவில்லை. யூனியன் அண்ணனின் பேனா பேப்பரில் இறங்கியது. எனக்குக் கண்ணெல்லாம் சுடுகிறது, அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறேன், அப்பா முன்னால் வருகிறார்.

"வுடுங்க சார்" என்றார் அப்பா. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சார் எனக்கோசரம் பழிய ஏத்துக்கிறாருப்பா. அவுரு ஒண்ணும் சொல்லல. நான்தான் அவசரப்பட்டு கேட்ட தெறந்துட்டேன். என் தப்புதான்."

"அப்பா!"

"சும்மா இரும்மா."

எல்லோரும் கர்னலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். 'இல்லை' என்று ஒரு சொல். அது போதும். பேனா காத்துக்கொண்டு நிற்கிறது. அவர் நிமிர்ந்தார். வாய் லேசாகத் திறந்தது. அப்பாவைப் பார்த்தார், ரொம்ப நேரம். தோளில் கை வைத்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

"என்னா மனுசன்யா" என்றான் ஒருத்தன் பின்னாலிருந்து. "கீழ வேல செய்யறவனுக்காக எப்பிடி வந்து நிக்கிறாரு பாரு." இன்னொருத்தன் அவருக்கு டீ சொன்னான். நான் கத்தினேன். அவர் முதல்ல சொன்னதுதான் நிஜம், எங்கிட்ட நேத்தே ஒத்துக்கிட்டாரு, கேளுங்க, அவரையே கேளுங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அப்பன காப்பாத்த பொண்ணு துடிக்குது பாவம்" என்றார்கள். கேட்கச் சொன்ன கேள்வியை ஒருத்தனும் கேட்கவில்லை. கர்னல் டீயைக் குடிக்காமல் வந்த வழியே நடந்து போனார். வழி விட்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்று கேட்டேன்.

"தலைய தொங்கப் போட்டுகினு நின்னாரும்மா. பத்துப் பேரு எதிர்ல. என்னால பாக்க முடியல."

"உன் தல?"

"என்னுது யாரு பாக்கறா?" என்றார்.

திங்கட்கிழமை பைசலானது. அப்பாவுக்கு இனி எந்தக் கேட்டும் கிடையாது. முதல் பஸ் பிடித்து நெல்லிக்குப்பம் சர்க்கரை மில்லுக்குப் போய், கரும்பு வண்டிகளில் கட்டு இறக்குகிற வேலைக்கு நிற்கிறார், ஐம்பதைத் தாண்டிய வயதில். உத்தரவோடு ஏஜென்சி இங்கிலீஷில் ஒரு காகிதமும் இணைத்திருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். 'மேற்படி காவலாளி, தானாகவே கேட்டைத் திறந்ததாகச் சக ஊழியர்கள் முன்னிலையிலும் என் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்.' அவ்வளவுதான். கீழே சாட்சியாக கர்னலின் கையெழுத்து. தேடிப் பாருங்கள், ஒரு வார்த்தை தப்பில்லை. ஒப்புக்கொண்டார்தான். அவர் முன்னிலையில்தான்.

அப்பா காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் கொண்டுபோனார். அவருக்கு இங்கிலீஷ் வராது. அடிவரியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்த பாரேன்" என்றார், அம்மாவைக் கூப்பிட்டு. "என்னா நீட்டா போட்டிருக்காரு."